வன்னியைக் காண எந்த யன்னல்?

ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்வோரில் யன்னலோரத்து ஆசனம் வேண்டும் என்று கேட்பவர் பலர். எந்தப் பக்கத்து யன்னல் என்று கேட்பவர் மிகச் சிலர். புகையிரதத்தில் தவறான பக்கத்தில் அமர்ந்துவிட்டால் எழுந்து சென்று மறுபக்கம் எட்டிப் பார்க்கலாம். எதிரே இருப்பவர் முகத்தைச் சுளித்தாலும் இடம் கொடுப்பார். விமானத்தில் அது நடவாது. அரைப்பட்டியை இறுக்கிக்கொண்டு, மறுபக்கத்தில் ஒரு நாடு முழுவதும் நழுவிப் போவதை அறியாமலே நாம் இறங்கிவிடுகிறோம்.

அப்படி அறியாமலே கடந்துபோகும் நாடுகளுள் ஒன்று நமது வன்னிப் பெருநிலம். வவுனியாவும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய அந்நிலத்தைத் தரைவழியே கடப்பவருக்குக் கண்டி வீதியின் இருமருங்கும் தெரியும் காடு தெரியும். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்தது நினைவில் நிற்கும். ஆனால் வன்னி என்பது வீதியன்று. அது குளங்களாலாகிய நாடு. ஒரு குளக்கட்டின் மேல் நிற்பவருக்கு அந்த ஒரு குளமே தெரியும். குளத்துக்குமேற் குளமாக, ஒன்றின் வான் பாயும் நீர் அடுத்ததின் வரவாக, நூற்றுக்கணக்கான குளங்கள் கோத்துக் கிடக்கும் அமைப்பைக் காண வேண்டுமானால் மேலே ஏறத்தான் வேண்டும். ஆகவே, மேலே ஏறுகின்ற நேயர்கள் எங்கே அமர வேண்டும் என்பதை இன்று சற்று விரிவாகச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

இந்த வான்வழி புதியதன்று. எயார் சிலோன் நிறுவனம் 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி தன் முதற் சேவையைத் தொடங்கியபோது, அதன் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுப் பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. பின்னர் போர்க்காலம் வந்தது. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 ஒக்டோபரில். அடுத்த மாதம் தொடங்கிய சென்னைச் சேவை கொள்ளைநோய்க் காலத்தில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டது.

தேசப்படம் ஒன்றை எடுத்து, இரத்மலானையையும் பலாலியையும் ஒரு நூலால் இணைத்துப் பாருங்கள். நூலின் நீளம் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அது அநேகமாக நேர் வடக்கே ஓடும். புத்தளத்துக்குச் சற்றுக் கிழக்கே சென்று, வில்பத்துக் காட்டைக் கடந்து, மன்னார்ப் பெருநிலத்துக் கட்டுக்கரைக் குளத்தின் மேலாகப் போய், விடத்தல்தீவை அடுத்துக் கடலோரத்தைத் தொட்டுக்கொண்டு பூநகரிக்கு மேற்கே யாழ்ப்பாணக் கடனீரேரியை அடையும். இனி அந்த நூலுக்கு வலப்புறம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வன்னி முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இடப்புறம் மன்னார்த் தீவும் இராமர் அணையும் இரணைதீவும் கடலும்.

ஆகவே விதி எளிது: வடக்கே போகும்போது வலப்பக்கம், தெற்கே வரும்போது இடப்பக்கம். சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வருபவர்களுக்கும் இதே விதிதான். அவ்விரு நிலையங்களையும் இணைக்கும் நூலும் இப்பகுதியில் அநேகமாக இதே தடத்திலேயே விழுகிறது. யாழ்ப்பாணத்தின் மேலாக வந்து வன்னியின் மேற்குக் கரையோரமாக இறங்குகிறது. சென்னையிலிருந்து பலாலியில் இறங்குவோருக்கு மட்டும் வன்னி கிட்டாது. அவர்கள் வலப்பக்கத்தில் அமர்ந்து, புதுச்சேரி முதல் கோடிக்கரை வரையுள்ள தமிழ்நாட்டுக் கரையைப் பார்த்து மனநிறைவு கொள்ளலாம். விமானிகள் எப்போதும் நூல் பிடித்துப் பறப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முகிற் கூட்டத்துக்காகவும் பிற விமானங்களுக்காகவும் சற்று விலகுவார்கள். பக்கம் மாறுமளவுக்கு விலகுவது அரிது.

ஆசனங்களின் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விமானத்தின் மூக்கை நோக்கி நின்றால் இடக்கைப் பக்கத்து யன்னலாசனம் ‘ஏ’. வரிசைக்கு ஆறு ஆசனமுள்ள விமானத்தில் வலப்பக்கத்து யன்னல் ‘எஃப்’. நான்கு ஆசனமுள்ள சிறு விமானங்களில் அதைச் சிலர் ‘டி’ என்பர், சிலர் ‘எஃப்’ என்பர். எழுத்தை நம்பி ஏமாறாமல், “வலப்பக்கத்து யன்னல்” என்று வாய்விட்டுக் கேட்பதே உத்தமம். சில விமானங்களில் ஓரிரு வரிசைகளுக்கு யன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறுஞ் சுவரே இருக்கும். யன்னலாசனம் என்று பணம் வாங்கிக்கொண்டு சுவரைக் காட்டுவது என்ன நியாயமோ தெரியவில்லை. அதையும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது இறக்கை. பழைய டக்கோட்டாவுக்கு இறக்கை யன்னலுக்குக் கீழே இருந்தது. கட்டுநாயக்காவுக்கு வரும் பெரிய ஜெட் விமானங்களுக்கும் அப்படியே. நடு வரிசைகளில் அமர்ந்தவருக்கு நிலம் தெரியாது, தகடுதான் தெரியும். இறக்கைக்கு நன்கு முன்னே அமர்ந்தால் காட்சி தெளிவாயிருக்கும். பின்னே அமர்ந்தாலும் காணலாம். ஆனால் இயந்திரம் கக்கும் சூட்டுக் காற்றினூடே பார்க்கும்போது கீழேயுள்ள நிலம் கானல்போல நெளியும். சென்னைக்கும் பலாலிக்குமிடையே பறக்கும் ஏ.ரி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம் வேறு சாதி. அதன் இறக்கை உடலின் முதுகில் இருக்கிறது. எந்த வரிசையிலிருந்தும் கீழே பார்க்கலாம். நடுவில் மாத்திரம் தொங்கும் இயந்திரமும், சக்கரங்கள் ஒடுங்கும் புடைப்பும் பார்வையைச் சிறிது தடுக்கும். அதில் ஏறும் வாசல் வாலின் பக்கம் இருப்பதால், பின்வரிசைக்காரர் முதலில் இறங்கலாம் என்ற இலாபமும் உண்டு. நிலம் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டதுபோன்ற விமானம் அது.

இனி வருவது ஞாயிறு. இதில்தான் பலர் தடுமாறுகின்றனர். காலையில் வடக்கே போகும் விமானத்தின் வலப்பக்கம் கிழக்குப் பக்கம்; வெயில் முகத்தில் அடிக்கும். ஆதலின் அனுபவசாலிகள், “வெயில் இல்லாத பக்கமே நல்ல பக்கம், அங்கேதான் நிறங்கள் தெளிவாகத் தெரியும்” என்று சொல்வார்கள். மலைநாட்டுக்கோ கடற்கரைக்கோ அது சரி. குளநாட்டுக்கு அது முழு உண்மையன்று.

காரணம் சொல்கிறேன். அசையாத நீர் ஒரு கண்ணாடி. ஞாயிறு அடிவானத்துக்கு மேலே எத்தனை பாகையில் நிற்கிறதோ, அடிவானத்துக்குக் கீழே அத்தனை பாகையில் அதன் பிம்பம் நீரில் விழும். கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அது ஏறத்தாழ ஐந்து பாகை. முட்டியைப் பிடித்தால் பத்துப் பாகை. ஞாயிறு அடிவானத்துக்கு மேல் மூன்று முட்டி உயரத்தில் நிற்கும்போது, ஐந்து கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருப்பவருக்கு ஒன்பது கிலோமீற்றர் தூரத்திலுள்ள குளமே சுடர்விடும். ஞாயிறு ஒரு முட்டி உயரத்தில் நின்றால் 28 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள குளம் சுடர்விடும். இன்னும் தாழ்ந்து நின்றால் இரணைமடுவே சுடர்விடும்.

பச்சையும் பழுப்புமாக மங்கிக் கிடக்கும் காட்டினிடையே திடீரென ஒரு குளம் பொன்போலப் பற்றி எரியும். விமானம் நகர, அது அணைந்து அடுத்தது பற்றும். அது அணைய, அதற்கப்பால் இருப்பது இதுவரை இருந்த இடமே தெரியாமல் இருந்து, தன்னைக் காட்டிக்கொடுக்கும். தேசப்படத்தில் புள்ளியாகக்கூடப் போடாத சிறு குளங்களும் இப்படி அகப்பட்டுக்கொள்ளும். வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பவனுக்கு இந்தக் காட்சி கிட்டாது. ஆகவே காலையில் கண் கூசினாலும் வலப்பக்கத்தில் இருங்கள். யன்னல் மறைப்பை இறக்கிவிடாதீர்கள். ஞாயிறு ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை ஏறுவதால், எவ்வளவு முந்திய விமானமோ அவ்வளவு தொலைவுக் குளங்கள். தை மாதத்தில் ஞாயிறு தென்கிழக்கே சாய்ந்து உதிக்கும். சுடரும் யன்னலுக்குச் சற்றுப் பின்புறமாக விழும். அக்காலத்துக் காலை விமானம் பெரிய ஜெட்டாக இருந்தால், சூட்டுக் காற்றின் நெளிவைப் பொறுத்துக்கொண்டாவது நான் இறக்கைக்குப் பின்னேதான் கேட்பேன்.

மாலையில் இதே வலப்பக்கம் வேறு காட்சியைத் தரும். வெயில் உங்கள் முதுகுப்புறமிருந்து நிலத்தில் விழும். குளங்கள் எரியமாட்டா, ஆனால் வயலின் பச்சையும் மணலின் வெண்மையும் காட்டின் கருமையும் தனித்தனியே பிரிந்து தெரியும். நண்பகல் ஒன்றுக்கும் உதவாது. அதிலும் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி நடுப்பகுதியிலும் வன்னியில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். நிழலில்லா நிலம் தட்டையாக, வெளுத்த சீலைபோலத் தோன்றும்.

பருவம் என்று கேட்டால், தையின் பிற்பகுதியும் மாசியும் என்பேன். ஐப்பசி கார்த்திகையில் மாரி பெய்யும்போது குளங்கள் நிறையும். ஆனால் முகில் மூடிக்கொண்டு ஒன்றையும் காட்டாது. மார்கழியில் இடையிடையே வெளிக்கும். தை பிற்பகுதியில் வானம் துடைத்த கண்ணாடிபோல இருக்க, குளங்கள் வான்கட்டு வரை நின்றிருக்க, காலபோக நெல் பொன்னிறம் கொள்ளத் தொடங்கியிருக்கும். ஆவணி புரட்டாதியில் போனால் வற்றிய குளங்களின் வெடித்த சேறும், இரணைமடுவின் கீழ் ஆங்காங்கே சிறுபோகப் பச்சையும்தான். அதுவும் ஒரு பாடமே. எவ்வளவு நீரை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

என்ன பார்ப்பது, எப்படி அறிவது? முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். சிறு விமானம் நிமிடத்துக்கு எட்டுக் கிலோமீற்றர் போகும். இரத்மலானையிலிருந்து கிளம்பி அரை மணி கழிந்ததும் விழிப்பாக இருங்கள். கட்டுக்கரைக் குளம் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே போவதால், அது வருமுன்னரே முன்னோக்கிப் பார்த்தால்தான் அகப்படும். அதற்கு நீர் தருவது அருவியாறு. அநுராதபுரப் பக்கமிருந்து வரும் அவ்வாற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் மறித்து வாய்க்காலில் திருப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து பூநகரிக் கடல் வரை வன்னியின் மேற்கு விளிம்பு முழுவதும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஜெட் விமானத்தில் ஆறு நிமிடம். பொதிமாட்டுடன் நாட்கணக்கில் நடந்த பாதைக்கு இப்போது ஒரு கோப்பை தேநீர் ஆறும் நேரம்தான். அந்தத் தேநீரை அந்நேரத்தில் வாங்காதிருப்பது நல்லது.

குளத்தை எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு திறவுகோல் உண்டு. ஒரு குளத்தின் ஒரு கரை சீராக, வில்லைப்போல வளைந்தோ கோடு கிழித்ததுபோல நேராகவோ இருக்கும். மறுகரை விரல்களை விரித்ததுபோலப் பிய்ந்து பிரிந்து காட்டுக்குள் நுழையும். சீரான கரை மனிதன் கட்டியது. பிய்ந்த கரை நீர் தானே கண்டுகொண்டது. வன்னி விவசாயி முன்னதைக் குளக்கட்டு என்பான். பின்னதை அலைகரை என்பான். கட்டின் வெளிப்புறத்தில் வயல்; அலைகரைக்கு அப்பால் காடு. இந்த ஒழுங்கு எங்கே கெட்டிருக்கிறதோ, அலைகரைக் காடு வெட்டப்பட்டுச் செம்மண் தெரிகிறதோ, அங்கே அந்தக் குளத்துக்கு மண் வந்து தூரத் தொடங்கியிருக்கும். தரையில் நின்று இதைச் சொல்ல ஒரு குழுவும் அறிக்கையும் வேண்டும். யன்னலில் இருப்பவனுக்குக் கண் போதும்.

விடத்தல்தீவு கடந்ததும் வலப்பக்கம் கண்ணை ஓடவிடுங்கள். வவுனிக்குளம் சுமார் 35 கிலோமீற்றருக்கு அப்பால் வரும். பாலியாற்றை மறித்துக் கட்டியது. பாலியாறு மேற்கே ஓடி நீங்கள் பறக்கும் கரையருகே கடலில் விழுகிறது. அதற்கு வடக்கே அக்கராயன்குளம். அதற்கும் அப்பால், தூரத்தில் நீண்ட வெள்ளிக் கீற்றாகத் தெரிவது இரணைமடு. இரணை என்றால் இரட்டை. இரண்டு மடுக்கள் சேர்ந்தது என்பதைப் பெயரே சொல்கிறது. வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆறு அதில் நிறைந்து, எஞ்சியது ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளம் கடனீரேரியில் சேர்கிறது. இக்குளத்தின் கட்டு வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கட்டம் கட்டமாக உயர்த்தப்பட்டது. கிளிநொச்சி என்ற ஊர் ஊராகியது அதன் துருசு திறந்தபின்தான். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளில் பெய்த பெருமழையில் அந்த நீர் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்களுக்குள் புகுந்ததை நேயர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். நீர் வந்த வழி எது, போகும் வழி எது என்பதை மேலிருந்து ஒருமுறை பார்த்தவர்களுக்கு, அன்றைய வெள்ளம் ஏன் அந்த ஊர்களைத் தேடிப் போயிற்று என்பது விளங்கும்.

இதற்குள் விமானம் இறங்கத் தொடங்கியிருக்கும். இது வடக்கே போகிறவருக்குக் கிடைக்கும் அதிட்டம்: உயரம் குறையக் குறைய பூநகரி வயல்கள் வரப்பு வரப்பாகத் தெரியும். மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்போன மண் அது. அப்பால் 2011ஆம் ஆண்டு திறந்த சங்குப்பிட்டிப் பாலம், ஆழமில்லாத நீரின்மேல் கீறிய கோடு. வானம் தெளிந்திருந்தால் கிழக்கே ஆனையிறவின் உப்புப் பாத்திகளும் பளைக் காற்றாலைகளும் தெரியும்.

இடப்பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு காட்சி உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. பூநகரிக்கு முன், கரையிலிருந்து சற்று விலகி இரட்டைத் தீவாகக் கிடப்பது இரணைதீவு. கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1992இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த மக்கள் 2018இல் தம் படகுகளிலேயே திரும்பிச் சென்றனர். அத்தீவை அடுத்த கடலிலேதான், 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அன்ரனோவ் 24 விமானம் பிரயாணிகளும் பணியாளருமாக 55 பேருடன் வீழ்ந்தது. 2012இல்தான் கடலடியில் அதன் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் 1990இல் நின்று, வீதியும் மூடுண்டிருந்த காலம் அது. உறவினரைக் காணவும் மருத்துவத்துக்கும் வெளிநாட்டுப் பிரயாணத்துக்குமாக எளிய மனிதர்கள் விமானம் ஏறினார்கள். அவர்களில் எவரும் காட்சி பார்க்க யன்னல் கேட்டு ஏறியிருக்கமாட்டார்கள். அந்த நீரைக் கடக்கும்போது பேச்சை நிறுத்துகின்ற முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கீழே இருந்தவர்களுடைய நிலையும் அப்படியே. போர்க்காலத்தில் வன்னியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வானத்தில் இரைச்சல் கேட்டால் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் இருக்கவில்லை. பதுங்குகுழிக்குள் இறங்கும் பழக்கமே இருந்தது. அவர்களில் பலர் இன்று அந்த வயதில் பிள்ளைகள் உள்ள பெற்றோர். வெளிநாட்டிலிருந்து வரும் சகோதரனைப் பார்க்கவோ, தாமே போகவோ விமானமேறுகிறார்கள். விமானத்திலிருந்து தம் ஊர்க் குளத்தை முதன்முறை காணும் உரிமை அவர்களுக்கு எல்லோரையும்விட அதிகம். அப்படியொருவர் பக்கத்து ஆசனத்தில் இருந்தால், யன்னலை அவருக்கு விட்டுக்கொடுங்கள். எந்தக் குளம் எது என்று உங்களுக்கு அவர் சொல்லித் தருவார். நான் சொன்னதைவிடச் சரியாகச் சொல்வார்.

ஒன்று மட்டும் இந்த வழியில் எந்த யன்னலிலும் கிட்டாது. முத்தையன்கட்டுக் குளமும், அதிலிருந்து பேராறு போய் விழும் நந்திக்கடலும், 2009 மே மாதத்தில் போரின் இறுதி நாட்கள் கழிந்த முள்ளிவாய்க்கால் மணற்கரையும் வன்னியின் கிழக்கு விளிம்பில் இருக்கின்றன. நம் நூலிலிருந்து 80 கிலோமீற்றருக்கும் அப்பால், வானம் எவ்வளவு வெளித்திருந்தாலும் வெண்புகையாகவே அது தெரியும். அதைக் காண விரும்புகின்றவர் மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் வழியே முல்லைத்தீவுக்குப் போகும் பேருந்தில் ஏற வேண்டும். அதில் ஆசனம் முன்பதிவு செய்ய முடியாது. கிடைத்த யன்னலில் இருந்துகொள்ள வேண்டியதுதான்.